உதய சூரியன் வீட்டுக்கு யார் சொந்தக்காரர்?

1964 ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது. பாட்டின் பெயர் 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்'. பாடிய குழு 'தி அனிமல்ஸ்'. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்ட லேபிளில், பாட்டின் பெயருக்குக் கீழே, பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. 'பாரம்பரியப் பாடல், இசைக்கோர்ப்பு: பிரைஸ்' என்பது அதன் பொருள். குழுவில் இருந்தது ஐந்து பேர். லேபிளில் இருந்தது ஒரே ஒரு பெயர். அந்த ஒரு பெயரால் யாருக்குப் பணம் போனது, யாருக்குப் போகவில்லை என்பது இன்றுவரை பேசப்படும் கதை. ஆனால் அந்த லேபிளில் இருந்திருக்க வேண்டிய பெயர்கள் ஐந்தோடு முடியவில்லை என்பதுதான் இதில் இன்னும் பெரிய மேட்டர்.

(உதய சூரியன் என்றதும் நம்மூரில் வேறு ஞாபகம் வரும். கட்சிச் சின்னத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை மக்களே!)

பாட்டைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அமெரிக்காவின் தெற்கில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் 'உதய சூரியன்' என்று ஒரு வீடு. அங்கே போய் வாழ்க்கையைத் தொலைத்துவிட்ட ஒருவர், தன் கதையைச் சொல்லி, மற்றவர்களை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எச்சரிக்கிறார். அவ்வளவுதான் கதை. கிட்டார் கற்றுக்கொள்ள ஆரம்பித்த எவரும் முதல் சில மாதங்களுக்குள் ஏ மைனரில் ஆரம்பிக்கும் அந்த வரிசையை, ஒவ்வொரு நரம்பாகத் தட்டித் தட்டி வாசித்துப் பார்த்திருப்பார்கள். பக்கத்து அறைக்காரர்கள் அதைக் கேட்டுக் கேட்டு நொந்தும் போயிருப்பார்கள்.

அனிமல்ஸ் இதை எழுதவில்லை. அவர்களுக்கு முன்னால் இதைப் பாடிய பாப் டிலனும் எழுதவில்லை. யார் எழுதினார் என்பது யாருக்குமே தெரியாது. நம்மூர் தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் எப்படி ஆசிரியர் பெயர் கிடையாதோ, அதே மாதிரிதான்.

எழுத்தில் கிடைப்பதை வைத்துப் பார்த்தால், 1925-ல் 'அட்வென்ச்சர்' என்ற அமெரிக்கப் பத்திரிகையில் ராபர்ட் வின்ஸ்லோ கார்டன் என்பவர் பழைய பாடல்களைப் பற்றி எழுதிவந்த பகுதியில் இதன் வரிகள் அச்சாகின. ஒலிப்பதிவு என்று பார்த்தால், 1933-ல் கிளாரன்ஸ் ஆஷ்லி என்ற பாடகரும் க்வென் ஃபாஸ்டரும் 'ரைசிங் சன் ப்ளூஸ்' என்ற பெயரில் பாடியதுதான் கிடைப்பவற்றில் முதலாவது. ஆஷ்லி இதைத் தன் தாத்தாவிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். தாத்தா யாரிடம் கற்றார் என்று கேட்டால் பதில் கிடையாது. நாட்டுப்பாட்டின் மூலத்தைத் தேடுவது வெங்காயம் உரிப்பது மாதிரி. உரிக்க உரிக்க அடுத்த தோல்தான் வரும்.

இந்த ஆஷ்லி சுவாரசியமான மனிதர். அந்தக் காலத்து அமெரிக்க மலைப் பகுதிகளில் 'மெடிசின் ஷோ' என்று ஒன்று ஊர் ஊராகப் போகும். ஆட்டம் பாட்டம் காட்டி, கூட்டம் சேர்ந்ததும் சர்வரோக நிவாரணி பாட்டில்களை விற்றுவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நம்மூர் சந்தையில் வித்தை காட்டி லேகியம் விற்பவர்களின் பெரிய பதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஆஷ்லி அப்படி ஒரு குழுவில் பாடியவர். அதே குழுவில் வேலை செய்த இன்னொரு இளைஞர் ராய் அகஃப், பின்னாளில் கன்ட்ரி இசையின் பெரும்புள்ளி. அகஃப் 1938-ல் இந்தப் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். ரேடியோவும் இசைத்தட்டும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேராத காலத்தில், பாட்டுகள் இப்படித்தான் பயணம் செய்தன: லேகிய வண்டியில், ரயில் பாதை போட வந்த கூலியாட்களோடு, நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலை தேடி வந்தவர்களோடு.

அதற்குள் 1937 வந்துவிட்டது. இந்தக் கதையின் முக்கியமான வருடம் அதுதான்.

ஆலன் லோமாக்ஸ் என்ற இளைஞருக்கு அப்போது வயது 22. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கும் வேலை. தட்டில் நேரடியாக ஒலியைச் செதுக்கும் கனமான இயந்திரத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு, மனைவி எலிசபெத்தோடு கென்டக்கி மாநிலத்தின் மலைகளில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பரில் மிடில்ஸ்பரோ என்ற சுரங்க ஊரில் ஒரு வீட்டில் இயந்திரத்தை இறக்கிவைத்தார். பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பாடினார்கள். அவர்களில் ஒருத்தி, சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள், ஜார்ஜியா டர்னர். வயது 16.

அவள் பாடியது இந்தப் பாட்டு. துணைக்கு எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை. பாட்டைச் சொல்வது ஒரு பெண். அந்த வீட்டுக்குப் போய்ச் சீரழிந்ததும் அந்தப் பெண்தான். தன் தங்கைக்குச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சுகிறாள். அந்த வீடு எந்த மாதிரியான வீடு என்று பாட்டு வெளிப்படையாகச் சொல்வதில்லை. சொல்லாமலேயே புரிந்துவிடுகிறது. மிடில்ஸ்பரோவிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். மலைக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு ஏழைச் சிறுமிக்கு அந்த நகரம் என்பது, போனால் திரும்பி வராத இடங்களில் ஒன்று. அவ்வளவுதான்.

லோமாக்ஸ் அதே பயணத்தில் பெர்ட் மார்ட்டின் என்பவரிடமும் இந்தப் பாட்டின் இன்னொரு வடிவத்தைப் பதிவு செய்தார். 1941-ல் ஆலனும் அவருடைய அப்பா ஜான் லோமாக்ஸும் வெளியிட்ட 'அவர் சிங்கிங் கன்ட்ரி' என்ற தொகுப்பில் பாட்டு இடம்பெற்றது. ஜார்ஜியாவின் பெயரும், கூடுதல் வரிகளுக்காக மார்ட்டினின் பெயரும் அதில் ஒழுங்காகக் குறிப்பிடப்பட்டிருந்தன. அந்தப் புத்தகம்தான் பாட்டை மலையிலிருந்து நகரத்துக்கு இறக்கிக் கொண்டுவந்தது. அதே 1941-ல் வுடி கத்ரி, அல்மனாக் சிங்கர்ஸ் குழுவோடு பாடிப் பதிவு செய்தார். பிறகு ஜாஷ் வைட், லெட் பெல்லி. 1960-ல் ஜோன் பயஸ் தன் முதல் ஆல்பத்திலேயே பாடினார். நீனா சிமோனும் பாடினார். நகரத்துக் காபிக் கடைகளில் நாட்டுப்பாட்டு பாடும் இளைஞர்கள் எல்லோரிடமும் இந்தப் பாட்டு இருந்தது.

இங்கே ஒரு சங்கிலியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். ஜார்ஜியா பாடியதை லோமாக்ஸ் பதிவு செய்தார். அந்தப் பதிவிலிருந்து ஹேலி வுட் என்ற டெக்சாஸ் பாடகி கற்றுக்கொண்டு ஒரு இசைத்தட்டில் பாடினார். அந்தத் தட்டைக் கேட்டு 1950-களில் கற்றுக்கொண்டவர் டேவ் வான் ராங்க், நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் எல்லோருக்கும் அண்ணன் மாதிரி இருந்த பாடகர். அந்தப் பகுதியின் மெக்டூகல் தெருவுக்கு இவரை 'மேயர்' என்றே கூப்பிடுவார்கள். வான் ராங்க் பாட்டின் கார்டுகளை மாற்றினார். கீழ் சுரம் அரை அரை படியாக இறங்கி வருகிற மாதிரி அமைத்தார். ஜாஸில் இது சாதாரணம், நாட்டுப்பாட்டுக்காரர்களிடம் புதுசு. இன்று உலகம் முழுக்க வாசிக்கும் அந்தச் சோகமான இறக்கத்தின் அடித்தளம் இவர் போட்டதுதான்.

1961-ல் அவர் வீட்டு சோபாவில் அடிக்கடி படுத்துத் தூங்கிய ஒரு பொடியன், தன் முதல் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தான். பெயர் பாப் டிலன். ஒருநாள் வந்து, உங்கள் ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன் வடிவத்தை நான் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறான். நானே சீக்கிரம் பதிவு செய்யப் போகிறேன், கொஞ்சம் பொறு என்றார் வான் ராங்க். டிலன் நெளிந்தபடி, ஏற்கெனவே பதிவு செய்துவிட்டேன் என்றான். மார்ட்டின் ஸ்கார்செஸியின் 2005 ஆவணப்படம் 'நோ டைரக்‌ஷன் ஹோம்'-ல் வான் ராங்க் இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். சம்பவம் நடந்தபோது அவ்வளவு சிரித்திருக்க மாட்டார்! டிலனின் ஆல்பம் 1962 மார்ச்சில் வந்தது. அதன்பிறகு வான் ராங்க் மேடையில் இதைப் பாடினால், டிலனிடமிருந்து எடுத்தீர்களா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். நொந்துபோய்ப் பாடுவதையே விட்டுவிட்டார். பாட்டு என்னுடையது, என் வடிவம் என்று அவர் கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. போயிருக்கவும் முடியாது, ஏனென்றால் அவரும் வேறொருவரிடமிருந்துதானே எடுத்தார்.

கதை இனி அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது. இங்கிலாந்தின் வடகிழக்கு மூலையில் நியூகாஸில் என்ற நகரம். நிலக்கரிக்கும் கப்பல் கட்டுவதற்கும் பேர் போன ஊர். அங்கே உருவான குழு அனிமல்ஸ்: பாடுவதற்கு எரிக் பர்டன், ஆர்கனில் ஆலன் பிரைஸ், கிட்டாரில் ஹில்டன் வாலன்டைன், பேஸ் கிட்டாரில் சாஸ் சாண்ட்லர், டிரம்ஸில் ஜான் ஸ்டீல். ஒரு தற்செயல் பாருங்கள்: நியூகாஸிலிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தெற்கே மிடில்ஸ்பரோ என்று ஒரு இரும்புத் தொழில் நகரம் இருக்கிறது. 1880-களில் பிரிட்டிஷ் முதலீட்டில் கென்டக்கியில் உருவான சுரங்க ஊருக்கு அந்த ஊரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஜார்ஜியா பாடிய அதே மிடில்ஸ்பரோ! பாட்டு ஒரு பெரிய சுற்று சுற்றி, தன் ஊரின் பெயர் எங்கிருந்து வந்ததோ அதன் பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்தது.

1964 மே மாதம் அனிமல்ஸ், சக் பெர்ரியோடு இங்கிலாந்தில் சுற்றுப்பயணம் செய்தார்கள். ராக் அண்ட் ரோலை உருவாக்கியவர்களில் ஒருவரான பெர்ரியின் மேடையில், அவரைவிட அதிரடியாகப் பாடி ஜெயிக்க முடியுமா? முடியாது. அதனால் தங்கள் பகுதியை முடிப்பதற்கு எல்லோரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக மெதுவான, இருண்ட ஒரு பாட்டை எடுத்தார்கள். மார்க்கெட்டிங் வகுப்பில் 'தனித்துக் காட்டுதல்' என்று பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டியதை இந்த ஐந்து பையன்கள் இப்படி முடித்துவிட்டார்கள்.

அவர்களுக்கு இந்தப் பாட்டு எங்கிருந்து கிடைத்தது என்பதில் ஐவருக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நியூகாஸில் கிளப் ஒன்றில் ஜானி ஹேண்டில் என்ற உள்ளூர் நாட்டுப்பாடகர் பாடிக் கேட்டேன் என்பது பர்டனின் கணக்கு. டிலன் ஆல்பத்தில் கேட்டோம் என்பது மற்றவர்களின் கணக்கு. கார்டுகளைக் கேட்டால் டிலன் வடிவம், அதாவது வான் ராங்க் வடிவம் தெளிவாகத் தெரிகிறது. வாலன்டைன் அந்தக் கார்டுகளை மொத்தமாக மீட்டாமல் ஒவ்வொரு சுரமாகப் பிரித்து, ஏறி இறங்கும் அலை மாதிரி வாசித்தார். பாட்டின் முகவரியே அதுதான். அதற்கு மேல் பிரைஸின் ஆர்கன், நடுவில் வந்து தீ மாதிரி ஏறுகிறது. பர்டனின் குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 23 வயதுப் பையனின் தொண்டையிலிருந்து அறுபது வயது ஆளின் வருத்தம் வருகிறது.

1964 மே 18 அன்று, பயணத்தின் நடுவே லண்டனுக்கு வந்து டி லேன் லீ ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். தயாரிப்பாளர் மிக்கி மோஸ்ட். ஒரே டேக்! ஸ்டூடியோ செலவு நாலரை பவுண்டு என்றுகூட ஒரு கதை உலவுகிறது. நாலரை நிமிடப் பாட்டு, ரேடியோவுக்கு நீளம் என்ற பயம் இருந்தது. அந்தக் காலத்து ஹிட் பாடல்கள் இரண்டரை, மூன்று நிமிடம்தான். இருந்தும் பிரிட்டனில் முழுசாக வெளியிட்டார்கள். ஜூலையில் முதலிடம். அமெரிக்காவில் எம்ஜிஎம் கம்பெனி அதை மூன்று நிமிடத்துக்குள் வெட்டி வெளியிட்டது. செப்டம்பரில் அங்கேயும் முதலிடம், மூன்று வாரம். பீட்டில்ஸ் அலை அடித்துக்கொண்டிருந்த வருடத்தில், பீட்டில்ஸோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பிரிட்டிஷ் குழு அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை.

ஒரு மாற்றத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டிலன் வரைக்கும் பல பாடகர்கள் பாட்டைப் பெண்ணின் வாயாலேயே பாடினார்கள், ஆணாக இருந்தாலும் சரி. அனிமல்ஸ் வடிவத்தில் சொல்பவன் ஒரு பையன், அப்பா சூதாடி. ஆஷ்லியின் பழைய பதிவிலும் ஆண்தான் என்பதால் இதைப் புதுசு என்று சொல்ல முடியாது. ஆனால் இப்படி மாற்றியதும் வீடு சூதாட்ட விடுதி மாதிரி கேட்கிறது, ரேடியோக்காரர்களுக்கும் சங்கடமில்லை. பாட்டு கோடிப் பேரைப் போய்ச் சேர்ந்ததற்கு இது உதவியிருக்கும். ஆனால் ஜார்ஜியா பாடிய அந்தப் பெண், தன் கதையிலிருந்தே காணாமல் போனாள்.

சரி, பணத்துக்கு வரலாம். வணிகவியல் படிப்பவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஒரு பாட்டில் இரண்டு தனித்தனி சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, பாட்டு: அதாவது மெட்டும் வரிகளும். இன்னொன்று, அந்தப் பாட்டின் குறிப்பிட்ட ஒலிப்பதிவு. ஒலிப்பதிவு விற்றால் கம்பெனி பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு குழுவுக்கு ஒரு சின்னச் சதவீதம் தரும். பாட்டுக்கான ராயல்டி வேறு வழியில், எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் போகும். பாட்டு யாரும் எழுதாத நாட்டுப்பாட்டாக இருந்தால்? அது பொதுச்சொத்து. ஆனால் அதைப் புது விதமாக அமைத்தவர் 'என் இசைக்கோர்ப்பு' என்று பதிவு செய்துகொண்டால், அந்த வடிவத்துக்கான பங்கு அவருக்கு வரும். லேபிளில் இருந்த அந்தப் பொடி எழுத்தின் அர்த்தம் இதுதான்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அமெரிக்காவில் சாதாரண ரேடியோ நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால், எழுதியவர் தரப்புக்குத்தான் பணம். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. அதாவது இந்தப் பாட்டு அமெரிக்க ரேடியோவில் ஒலித்த ஒவ்வொரு தடவையும், குரல் கொடுத்த பர்டனுக்குச் சல்லிக்காசு இல்லை, அந்த ஆரம்பத்தை வாசித்த வாலன்டைனுக்கும் இல்லை. இசைக்கோர்ப்பாளருக்கு உண்டு.

ஏன் பிரைஸ் பெயர் மட்டும்? பர்டன் பேட்டிகளில் சொல்லிவந்த கதை இது: ஐந்து பேர் பெயரும் லேபிளில் அடங்காது, ஒரு பெயரைப் போட்டுக்கொள்வோம், பணத்தைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று மேனேஜர் மைக் ஜெஃப்ரி சொன்னாராம். அகரவரிசையில் ஆலன் முதலில் வருவதால் அவர் பெயர். இதை ஒரு நிமிடம் யோசித்தால் சிரிப்பு வரும். குடும்பப் பெயர்களை வரிசைப்படுத்தினால் பர்டன்தான் முதலில் வந்திருக்க வேண்டும்! எந்தப் பெயரை வைத்து வரிசைப்படுத்துவது என்பதில் ஒரு வாழ்நாள் வருமானம் இடம் மாறியிருக்கிறது.

பணம் பிரிக்கப்படவில்லை என்பது மற்றவர்களின் குறை. 1965-ல், பாட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், பிரைஸ் குழுவை விட்டு விலகினார். விமானத்தில் பறக்கும் பயம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. ராயல்டி வர ஆரம்பித்ததுதான் நிஜக் காரணம் என்று நினைத்தவர்களும் உண்டு. பிரைஸ் பக்கமும் பேச ஒன்று இருக்கிறது: அந்த ஆர்கன் இல்லாமல் இந்தப் பாட்டு இந்தப் பாட்டாக இருந்திருக்காது. அதை அமைத்தவர் அவர்தான். ஆனால் அது மட்டுமே இசைக்கோர்ப்பு என்றால், வாலன்டைன் வாசித்ததற்குப் பெயர் என்ன? சட்டம் லேபிளைப் பார்க்கும், காதைப் பார்க்காது.

ஜெஃப்ரியின் கணக்கு வழக்குகள் தனிக் கதை. பஹாமாஸ் தீவில் யமெட்டா என்ற கம்பெனி வைத்து, வரி மிச்சம் என்ற பெயரில் வருமானம் அங்கே திருப்பிவிடப்பட்டது. உலகச் சுற்றுப்பயணம் செய்த குழுவின் கையில் கடைசியில் பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. 1966-ல் பழைய அனிமல்ஸ் உடைந்தது. 1973-ல் ஜெஃப்ரி பிரான்ஸ் வானத்தில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். கேட்கவேண்டிய கேள்விகளும் அவரோடு போயின. எழுத்தில் இல்லாத ஒப்பந்தம், வெளிநாட்டுக் கம்பெனி, நண்பர்களுக்குள்ளே கணக்கு எதற்கு என்ற நினைப்பு... கூட்டாண்மை பாடத்தில் எதையெல்லாம் செய்யக்கூடாது என்று இருக்கிறதோ, அத்தனையும் இந்த ஒரே குழுவில்.

பெயருக்கும் சண்டை வந்தது. 'தி அனிமல்ஸ்' என்ற பெயரை டிரம்மர் ஜான் ஸ்டீல் பிரிட்டனில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்யப் போனார், பர்டன் எதிர்த்தார். 2008-ல் ஸ்டீல் பக்கம் தீர்ப்பு, 2013-ல் மேல்முறையீட்டில் பர்டன் பக்கம் தீர்ப்பு. கலைந்துபோன குழுவின் நற்பெயர் யாருக்குச் சொத்து என்பதுதான் அங்கே கேள்வி. வாலன்டைன் 2021 ஜனவரியில் தன் 77-வது வயதில் இறந்தார். இறுதி அஞ்சலிக் கட்டுரைகள் அத்தனையும் அந்த ஆரம்ப கிட்டாரைப் பற்றித்தான் பேசின. ராயல்டி வராத அதே கிட்டார்.

பாட்டின் விளைவுகளைப் பார்த்தால், முதலில் மாறியது டிலன். காரில் போகும்போது அனிமல்ஸ் வடிவத்தை ரேடியோவில் கேட்டு, வண்டியை நிறுத்தி வெளியே குதித்ததாக டிலனே சொன்னார் என்பது ஜான் ஸ்டீல் சொல்லும் கதை. கதையை விட்டாலும் ஆதாரம் இருக்கிறது. 1964 டிசம்பரில் டிலனின் தயாரிப்பாளர் டாம் வில்சன், டிலன் 1961-ல் தனி கிட்டாரோடு பாடிய இதே பாட்டின் மேல் எலக்ட்ரிக் வாத்தியங்களைச் சேர்த்துப் பரிசோதனை செய்தார். அது அப்போது வெளிவரவில்லை. ஆனால் 1965-ல் டிலன் நிஜமாகவே எலக்ட்ரிக்குக்கு மாறினார். ஜூலையில் நியூபோர்ட் விழாவில் நாட்டுப்பாட்டு ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். அதே வில்சன், சைமன் அண்ட் கார்ஃபங்கல் பாடிய 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டின் மேல் இதே வேலையைச் செய்து அதை ஹிட் ஆக்கினார். ஃபோக் ராக் என்ற வகையின் கதவைத் திறந்தது இந்தப் பாட்டு என்று விமர்சகர்கள் சொல்வதில் மிகை இல்லை. போகிற போக்கில் ஒன்று: அனிமல்ஸ் வடிவம் வந்ததும் டிலன் இந்தப் பாட்டைப் பாடினால், அனிமல்ஸிடமிருந்து சுட்டதா என்று கேட்க ஆரம்பித்தார்கள். டிலனும் பாடுவதை நிறுத்திவிட்டார். இதைச் சொல்லும்போது வான் ராங்க் முகத்தில் வந்த திருப்தியைப் பார்க்க வேண்டுமே!

பேஸ் வாசித்த சாண்ட்லர் 1966-ல் குழுவை விட்டு வெளியே வந்து, நியூயார்க்கில் ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்த அறியப்படாத ஒரு கிட்டார்காரரை லண்டனுக்குக் கூட்டிவந்தார். அவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். அந்த கிளப் இருந்தது, வான் ராங்க் 'மேயராக' இருந்த அதே மெக்டூகல் தெருவில்.

மற்றவர்கள் பாடிய வடிவங்களுக்கு முடிவே இல்லை. டெட்ராய்ட்டின் ஃப்ரிஜிட் பிங்க் குழு கனமான கிட்டாரோடு பாடி 1970-ல் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் வந்தது. 1977-ல் சான்ட்டா எஸ்மெரால்டா டிஸ்கோ ஆக்கினார்கள், அதை மறந்துவிடலாம். டாலி பார்ட்டன் பாடினார். பிரான்சில் ஜானி ஹாலிடே 1964-லேயே 'லெ பெனிதான்சியே' என்று பிரெஞ்சில் பாடினார். அந்தத் தலைப்புக்கு அர்த்தம் சிறைச்சாலை. விபச்சார விடுதி சூதாட்ட விடுதியாகி, பிறகு சிறையாகிவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், சிறை என்பது தவறாகவும் இல்லாமல் இருக்கலாம். நியூ ஆர்லியன்ஸின் பழைய பெண்கள் சிறை வாசலில் உதய சூரியன் செதுக்கப்பட்டிருந்த புகைப்படத்தைப் பார்த்ததாக வான் ராங்க் எழுதியிருக்கிறார். பாட்டின் சில வடிவங்களில் கால் சங்கிலியும் இரும்புக் குண்டும் வருவதற்கு அது பொருந்துகிறது. இன்னொரு பக்கம், கான்டி தெருவில் 'ரைசிங் சன்' என்ற பெயரில் ஒரு ஓட்டல் இருந்து 1822-ல் எரிந்துபோனது. 2000-களின் நடுவில் அந்த இடத்தைத் தோண்டியபோது மது பாட்டில் துண்டுகளும், பெண்கள் கன்னத்தில் பூசும் செஞ்சாயக் கிண்ணங்களும் கிடைத்தன. உடனே பத்திரிகைகள் வீடு கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டன. ஓட்டல் என்றால் மது பாட்டில் கிடைக்கத்தானே செய்யும்? உதய சூரியன் என்ற பெயர் அந்தக் காலத்து விடுதிகளுக்கு நம்மூர் 'அன்னபூர்ணா' மாதிரி சகஜமான பெயர். பாட்டில் வரும் வீடு எந்த விலாசத்திலும் இல்லாமலே இருந்திருக்கலாம்.

ஜார்ஜியா டர்னர் என்ன ஆனார்? கல்யாணம் செய்துகொண்டு, வடக்கே மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்து, பெரிய குடும்பத்தை வளர்த்தார். அமெரிக்கப் பத்திரிகையாளர் டெட் ஆண்டனி இந்தப் பாட்டைத் துரத்திக்கொண்டு வருடக்கணக்கில் அலைந்து 2007-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் தேடிப் போனபோது ஜார்ஜியாவின் பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஜார்ஜியா 1969-ல், 48 வயதில், நுரையீரல் நோயால் இறந்திருந்தார். 1960-களில் லோமாக்ஸ் தரப்பிலிருந்து ராயல்டி என்று அவருக்குக் கொஞ்சம் பணம் வந்தது. மொத்தம் நூறு டாலருக்குச் சற்று மேல்.

1937-ல் அவர் பாடிய அந்தப் பதிவு இப்போது இணையத்தில் கிடைக்கிறது. லோமாக்ஸின் கென்டக்கிப் பதிவுகள் என்று தேடினால் வரும். கேட்டுப் பாருங்கள். அனிமல்ஸ் வடிவத்தை மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு முதலில் வேறு ஏதோ பாட்டு மாதிரி இருக்கும். கார்டு இறக்கம் இல்லை, ஆர்கன் இல்லை, அழுகை இல்லை. தட்டு தேயும் கரகரப்புக்கு நடுவே ஒரு சிறுமியின் குரல், தங்கைக்குச் சேதி சொல்லிவிட்டு, சட்டென்று நின்றுவிடுகிறது.